முப்பத்தெட்டாவது வீச்சு

சென்ற வாரம், பொங்கோலில் நம் புளோக்கின் கீழே நடக்கும் மூத்தோர் வகுப்பிலிருந்து நான் பாதியில் கிளம்பிப் போனதைப் பற்றி ஆளுக்கொன்று பேசிக்கொண்டீர்களாம். தலைசுற்றல் என்றாராம் ஒருவர். சர்க்கரை இறங்கியிருக்கும் என்றாராம் இன்னொருவர். நம் வயதில் எதற்கும் இந்த இரண்டு காரணங்கள்தானே கைவசம் இருக்கின்றன. இரண்டும் இல்லை, தோழர்களே. பயம்தான். ஐம்பது வருஷத்துப் பழைய பயம்.

அன்று நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். பயிற்சி தர வந்த பெண் ஆளுக்கு மூன்று சின்னத் துணிப்பைகளைக் கொடுத்தாள். மேலே போட்டு மாற்றி மாற்றிப் பிடிக்க வேண்டும், ஜக்லிங், மூளைக்கு நல்லது என்றாள். “அன்ட்டி, அங்கிள், ஃபர்ஸ்ட் ஒண்ணு மட்டும் போடுங்க. கீழ விழுந்தா பரவால்ல லா.” நம் பழைய தமிழாசிரியர், “இது நம்ம அம்மானை ஆட்டம்தானே” என்று ஆரம்பித்தார். அவர் ஆரம்பித்தால் எப்போது முடிப்பார் என்று உங்களுக்கே தெரியும். அதற்குள் என் கை தானாக மூன்று பைகளையும் எடுத்துப் போட்டுப் பிடிக்கத் தொடங்கிவிட்டது. நீங்கள் கை தட்டினீர்கள். “அன்ட்டி! எங்க கத்துக்கிட்டீங்க?” என்று அந்தப் பெண் கேட்டாள். அப்போது ஒரு பை விரலில் இடறித் தரையில் விழுந்தது. பொத்தென்ற அந்தச் சத்தம் கேட்டதுமே மற்ற இரண்டையும் கையில் பிடித்துக்கொண்டேன். பைகளை நாற்காலியில் வைத்துவிட்டு மின்தூக்கியைப் பார்த்து நடந்துவிட்டேன்.

எங்கே கற்றுக்கொண்டேன் என்று இப்போது சொல்கிறேன்.

அப்போது எங்கள் வீடு ஜாலான் புசார் பக்கம், ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் ஐந்தாவது மாடியில் இருந்தது. கீழே ஆணி, சங்கிலி, பெயிண்ட் விற்கும் கடைகள். காலையில் இரும்பு அறுக்கிற சத்தம் வரும். மத்தியானம் டர்பன்டைன் வாசனை மாடி ஏறி வந்து சோற்றில் உட்காரும். பத்து நிமிடம் நடந்தால் தேக்கா சந்தை. அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. எனக்குப் பத்து வயது. அம்மாவுக்கு ஆறு மாதம். எனக்குப் பின்னால் இரண்டு தங்கவில்லை என்பதால், இந்த முறை அம்மா கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டைக் கவனிக்க, பாசிர் ரிஸ் கம்பத்திலிருந்து, அந்தக் கிராமத்து வீட்டை விட்டு, அத்தை வந்து சேர்ந்தார். அப்பாவின் அக்கா.

அத்தை நல்லவர். ஆனால் அவர் பெட்டியோடு சேர்ந்து ‘கூடாது’ என்ற ஒன்றும் வீட்டுக்குள் குடிவந்தது. வாசற்படியில் உட்காரக் கூடாது. விளக்கு வைத்த பிறகு தலை சீவக் கூடாது. அம்மா இருக்கிற அறையில் கத்தரிக்கோலைத் திறந்து மூடக் கூடாது. சாரோங் துணியில் தொட்டில் கட்டுகிற ஸ்பிரிங்கை அப்பா ஆசையாக முன்னாடியே வாங்கி வந்துவிட்டார். “பிள்ளை வர்றதுக்கு முந்தி யாராச்சும் தொட்டில் வாங்குவாங்களா தம்பி?” என்று அத்தை அதைப் பழைய துண்டில் சுற்றி அலமாரி உச்சியில் ஒளித்து வைத்தார். நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. அத்தை சொன்ன ஒவ்வொன்றும் எனக்குச் சட்டமாகப் பட்டது.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அத்தை அம்மன் கோயிலுக்குப் போவார். அம்மன் காலடியில் வைத்த மூன்று எலுமிச்சம்பழங்களோடு திரும்புவார். சாமி அலமாரியில் ஒரு பித்தளைத் தட்டு. அதில் மூன்றையும் வைத்து, குங்குமம் இட்டு, என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

“இந்தா பாரு, இது தரையில படவே கூடாது. மூணும் முழுசா இருக்கற வரைக்கும் உங்கம்மா வயித்துப் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது. தெரிஞ்சுதா?”

“பட்டா என்ன ஆகும் அத்தை?”

“வாயைக் கழுவு போ.”

சொல்லியிருந்தால்கூடப் பயம் ஒரு அளவோடு நின்றிருக்கும். சொல்லாமல் விட்டதால் நானாக என்னென்னவோ நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் சத்தம் போடக் கூடாது என்பதால் பள்ளி விட்டதும் பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவேன். அங்கே ஒரு மலாய் அக்கா, என்னைவிட இரண்டு வயது பெரியவள். ஜாலான் புசார் கேளிக்கைப் பூங்காவில் யாரோ மூன்று ஆரஞ்சுப் பழங்களைப் போட்டுப் பிடித்ததைப் பார்த்துவிட்டு வந்து, தானே பழகிக்கொண்டவள். எனக்கு அஞ்சு கல் விளையாட அம்மா தைத்துக் கொடுத்த பைகள் இருந்தன. பழைய ரவிக்கைத் துணி, முக்கோண வடிவம், உள்ளே பச்சைப் பயறு. கையில் எடுத்தால் லேசாக அம்மாவின் பீரோ வாசனை அடிக்கும். அவற்றை வைத்துத்தான் பழகினோம்.

முதலில் ஒரே பை. வலது கையிலிருந்து இடது கைக்கு, கண் உயரத்துக்கு ஒரு வளைவாகப் போக வேண்டும். கையைப் பார்க்கக் கூடாது, வளைவின் உச்சியைத்தான் பார்க்க வேண்டும். அது இரண்டு நாளில் வந்தது. அடுத்து இரண்டு பை. முதல் பை உச்சிக்குப் போனதும் இரண்டாவதைப் போட வேண்டும். நான் அவசரப்பட்டு இரண்டாவதை அடுத்த கையில் திணித்துவிடுவேன். அக்கா என் மணிக்கட்டில் ஒரு தட்டுத் தட்டுவாள். அவளே இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தாள்: கட்டிலைப் பார்த்து நிற்க வேண்டும். விழுந்தால் மெத்தையில் விழும், குனிந்து எடுக்க வேண்டாம். ஒவ்வொரு முறை விழும்போதும் அவள் சொல்வது ஒன்றே ஒன்று. “ஜாத்தோ, தாக் அபா.” விழுந்ததா, பரவாயில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருந்த என் அம்மாவுக்கும் அது கேட்டிருக்கும். ஒரு மத்தியானத்தில் நூறு தடவையாவது சொல்லியிருப்பாள்.

மூன்றுக்கு வந்தபோது சோதனை வந்தது. ஐந்து பைகளில் இரண்டு காரிடார் சுவரைத் தாண்டிக் கீழே போய்விட்டன. ஒன்று தையல் விட்டுப் பயறு கொட்டிவிட்டது. அம்மா ஊசி எடுக்கக் கூடாது என்று அத்தை தடை போட்டிருந்தார். மிச்சம் இரண்டுதான்.

அது ஒரு செவ்வாய்க்கிழமை. அத்தை தேக்கா சந்தைக்கு மீன் வாங்கப் போயிருந்தார். அம்மா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். பித்தளைத் தட்டில் மூன்று பழங்கள், மூன்றும் ஒரே அளவு. கூடத்தில் கிடந்த அத்தையின் கட்டிலைப் பார்த்து நின்றால் தரையில் எப்படி விழும் என்று என் புத்தி எனக்கே வக்கீலாக வாதாடியது. எடுத்துவிட்டேன்.

பையைப் போல இல்லை பழம். கையில் வழுக்கியது. ஒன்று, இரண்டு, மூன்று என்று மேலே போய், மூன்றையும் பிடித்துவிட்டேன். முதல் தடவையாக! அந்தச் சந்தோஷம் அரை நிமிடம்கூட இருக்கவில்லை. இரண்டாம் முறை போட்டதில் ஒரு பழம் கட்டிலின் இரும்புக் கம்பியில் பட்டுத் தெறித்தது. சிமென்டுத் தரையில் விழுந்து அலமாரிக் காலடிக்கு உருண்டது. எடுத்துப் பார்த்தேன். தோல் ஒரு நகத்தளவு கிழிந்து, சாறு கசிந்துகொண்டிருந்தது. பாவாடையில் துடைத்தேன். கிழிசல் அடியில் போகும்படி தட்டில் வைத்தேன். குங்குமம் அழிந்திருந்தது, புதிதாக இட்டேன். விரலில் சாற்று வாசனை போகவே இல்லை. சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினேன்.

அன்று சாயங்காலம் அத்தை விளக்கேற்றிக்கொண்டிருந்தபோது அம்மா, “அண்ணி” என்று கூப்பிட்டார். ஒரு தடவைதான். அந்தக் குரலைக் கேட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அத்தை உள்ளே ஓடினார், வெளியே ஓடி வந்தார், அப்பாவைத் தேடிக் கீழே ஆள் அனுப்பினார். அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்து மின்தூக்கிக்குத் தூக்கிப் போனார்கள். அம்மாவின் புடவையில் பின்பக்கம் சிவப்பாக இருந்தது. குங்குமம் கொட்டிவிட்டது என்று நினைத்தேன். அப்படித்தான் நினைக்க விரும்பினேன்.

பிரசவ ஆஸ்பத்திரியில் சின்னப் பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்கள். அப்பா வருவார், குளிப்பார், சட்டை மாற்றுவார், போய்விடுவார். “அம்மா எப்படிப்பா இருக்காங்க?” என்றால், “இருக்கா” என்பார். அத்தையும் அவரும் சமையலறையில் குசுகுசுவென்று பேசுவார்கள். நான் உள்ளே போனால் உடனே பேச்சு உப்பு, புளிக்கு மாறிவிடும். பிள்ளைகளிடம் சொல்லக் கூடாது என்பதும் ஒரு ‘கூடாது’தான். அம்மா செத்துப்போய்விட்டார், எனக்குத்தான் மறைக்கிறார்கள் என்று ஒரு நாள் முழுக்க நம்பினேன். கணக்கு வகுப்பில் அழுதேன். பல்வலி என்று சொன்னேன்.

அதற்குள் எறும்பு வந்துவிட்டது. ஜன்னல் விளிம்பிலிருந்து சுவர் வழியாகச் சாமி அலமாரிக்கு ஒரு கோடு. நேராகக் கிழிந்த பழத்துக்கு அடியில் போய் நின்றது அந்தக் கோடு. திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி சத்தம் போடாமல் நின்றேன். பள்ளிக்குப் போகுமுன் ஈரத்துணியால் துடைப்பேன், மஞ்சள்தூள் தூவுவேன். திரும்பி வரும்போது மறுபடியும் கோடு இருக்கும். ஒரு நாள் அத்தை பார்த்துவிட்டார். “கற்கண்டுக்கு வருது சனியன்” என்று பக்கத்திலிருந்த கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனார். அந்த வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்கு அலைந்ததில் அத்தை கோயிலுக்குப் போகவில்லை, பழங்களும் மாறவில்லை. கடையில் வேறு பழம் வாங்கி மாற்றி வைத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். அம்மனையே ஏமாற்றுவதா என்று தோன்றியதும் அந்த யோசனையை விட்டுவிட்டேன். அப்படிச் செய்கிற துணிச்சல் யாருக்கும் இருக்காது என்று நினைத்தேன்.

ஆகவே வேறொரு வழி கண்டுபிடித்தேன். கீழே போட்டதால் வந்த வினை, கீழே போடாமல் இருந்தால் போகுமல்லவா? மூன்று பைகளை நூறு தடவை, ஒன்றுகூட விழாமல் போட்டுப் பிடித்துவிட்டால் அம்மாவும் பாப்பாவும் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். நடுவில் விழுந்தால் திரும்ப ஒன்றிலிருந்து. இதை யாரிடமும் சொல்லவில்லை. சாமி அலமாரி முன்னால் நின்று மனசுக்குள் சொன்னேன். பக்கத்து வீட்டு அக்கா கிழிந்த பையை எனக்காகத் தைத்துக் கொடுத்தாள்.

காரிடாரில், எங்கள் கதவுக்கும் அவர்கள் கதவுக்கும் நடுவில், சுவரைப் பார்த்து நின்று போடுவேன். நான்கில் விழும். ஆறில் விழும். ஒன்றிலிருந்து. விழ விழத்தான் இந்த வித்தை வரும். எனக்கோ ஒவ்வொரு விழுகையும் ஆஸ்பத்திரியில் யாரையோ தள்ளிவிடுகிற மாதிரி இருந்தது. அக்கா வழக்கம் போல “தாக் அபா” என்பாள். “அப்படிச் சொல்லாதே” என்று அவள் மேல் எரிந்து விழுந்தேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, பாவம். கை வலித்தது. தூக்கத்திலும் கை ஆடியது என்று அத்தை சொன்னார். பதினொன்று வந்தது. பத்தொன்பது வந்தது.

அம்மா ஆஸ்பத்திரிக்குப் போன எட்டாம் நாள் மத்தியானம். முப்பதைத் தாண்டிவிட்டேன். முப்பத்தைந்து, முப்பத்தாறு. கண் உச்சியை விட்டு நகரவில்லை. முப்பத்தேழு என்று வாய்விட்டுச் சொன்னேன். கன்னத்தில் அறை விழுந்தது.

அப்பா. எப்போதும் அந்த நேரத்துக்கு வரமாட்டார். சட்டையெல்லாம் மண். “உங்கம்மா அங்க அப்படிக் கிடக்கா, உனக்கு இங்க விளையாட்டு கேக்குதா? நெஞ்சுல ஈரமே இல்லையாடி உனக்கு?” மூன்று பைகளையும் பொறுக்கினார். உள்ளே போய் சமையலறைக் குப்பைக் குழாயைத் திறந்து போட்டார். அவை ஐந்து மாடி இறங்கிப் போகிற சத்தத்தை நின்று கேட்டேன். அதற்கு முன்னும் பின்னும் என்னை அவர் அடித்ததே இல்லை.

அன்று காலையில்தான் அப்பா, ஒரு நாள்கூட உயிரோடு இருக்காத என் தம்பியை அடக்கம் செய்துவிட்டு நேராக வீட்டுக்கு வந்திருக்கிறார். இது எனக்குத் தெரிய ஆறேழு வருஷமானது. அத்தை பேச்சுவாக்கில் சொன்னார். குழிக்குள் ஒரு சின்னப் பொட்டலத்தை இறக்கிவிட்டு வந்த மனிதர், காரிடாரில் மகள் சின்னச் சின்னப் பொட்டலங்களை மேலே தூக்கிப் போட்டுப் பிடிப்பதைப் பார்த்தார். அறை விழாமல் என்ன செய்யும். அவரிடம் நான் சொல்லியிருக்கலாம். அவரும் என்னைக் கேட்டிருக்கலாம். இப்போது அவர் இல்லை.

பத்தாம் நாள் அம்மா வீட்டுக்கு வந்தார், கையை வீசிக்கொண்டு. நான் கேட்கவில்லை. அலமாரி உச்சியிலிருந்த ஸ்பிரிங் காணாமல் போயிருந்தது, அதுவே போதும். அத்தை சாமி அலமாரியைச் சுத்தம் செய்தார். பழங்களை ரோச்சோர் கால்வாயில் விட எடுத்தபோது அந்த ஒன்றைத் திருப்பினார். கறுத்துப்போன கிழிசல். அத்தை அதை அம்மாவின் கட்டிலுக்கே கொண்டு போய்க் காட்டினார்.

“பாத்தியா? ஆத்தா முன்னாடியே காட்டியிருக்கா. நமக்குத்தான் கண்ணு தெரியல.”

அம்மா பழத்தைப் பார்த்தார். பிறகு கதவோரம் நின்ற என்னைப் பார்த்தார். அப்புறம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். அந்த நினைப்போடுதான் படித்தேன், வேலைக்குப் போனேன், கல்யாணம் செய்துகொண்டேன். என் இரண்டு பிள்ளைகளைச் சுமந்த மாதங்களில் எலுமிச்சம்பழத்தைக் கையால் தொடவில்லை. வாடை பிடிக்கவில்லை என்று வீட்டுக்காரரிடம் பொய் சொன்னேன். சிரிக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் பயந்து செத்தேன்.

சரி, சென்ற வாரத்துக்கு வருகிறேன். வகுப்பிலிருந்து மேலே வந்தால், அம்மா சமையலறை மேசையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். எழுபத்தேழு வயது. முட்டி போய்விட்டது, வாய் போகவில்லை.

“ஏன்டி சீக்கிரம் வந்துட்ட? டீச்சர் விரட்டி விட்டுட்டாளா?”

உட்கார்ந்தேன். மேசை மேல் கூடையில் எலுமிச்சம்பழங்கள் இருந்தன. ஏன் அன்றைக்கு என்று கேட்டால் எனக்குத் தெரியாது. சொல்லிவிட்டேன். பித்தளைத் தட்டு, கட்டில் கம்பி, கிழிசல், எறும்பு, எல்லாம். “என்னாலதாம்மா தம்பி போயிட்டான்” என்று சொல்லும்போது அறுபது வயதுக்காரி சின்னப் பிள்ளை போல விக்கி விக்கி அழுதேன்.

அம்மா கீரையைக் கீழே வைத்தார்.

“அது கடைப் பழம்டி” என்றார்.

எனக்குப் புரியவில்லை.

“கோயில் பழம் இல்ல அது. கோயில் பழத்தை நான் குடிச்சிட்டேன்.” குரல் இறங்கிவிட்டது. “அன்னிக்குக் காலையில. ஒரே குமட்டல். நாக்கு புளிப்புக்குத் தவிக்குது. உங்க அத்தை, மசக்கை எல்லாம் மூணு மாசத்தோட சரி, சும்மா படுன்னு சொல்லிட்டுக் குளிக்கப் போனாங்க. கட்டிலை விட்டு இறங்கினேன். அறை வாசலைத் தாண்டினா கூடத்துல சாமி அலமாரி, கைக்கு எட்டற தூரம். மூணையும் அறுத்துப் பிழிஞ்சு, உப்புப் போட்டு நின்ன வாக்குல குடிச்சேன். அப்புறம்தான் பயம். கூடையிலேருந்து மூணு எடுத்து வச்சு, குங்குமத்தை இட்டுட்டுப் படுத்துட்டேன். சாயங்காலம் அப்படி ஆயிடுச்சு.”

“அம்மா…”

“அண்ணி பழத்தைக் காட்டினப்ப, ஆத்தா என்னைத்தான் காட்டிக் கொடுக்கறான்னு நினைச்சேன். உன் முகத்தைக்கூடப் பாக்க முடியல. உன் தம்பியை நானே முழுங்கிட்டேன்னு… கர்ப்பப்பை வாய் பலமில்ல, யாரும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதுன்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. நான்தான் நம்பல.”

அந்தத் துணிச்சல் யாருக்கும் இருக்காது என்று நான் நினைத்தேனே, பக்கத்து அறையில் படுத்திருந்தவருக்கு இருந்திருக்கிறது. வீடு மாறியும் ஐம்பது வருஷம் ஒன்றாகவே இருந்து, ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டோம், ஆளுக்கொரு பழியைத் தனித்தனியாகச் சுமந்துகொண்டு. நான் எழுந்து போய் அம்மாவின் தலையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். கீரை வாசனை அடித்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மா கேட்டார், “அப்பா அன்னிக்கு உன்னை அடிச்சாருன்னு உங்க அத்தை சொன்னாங்க, எதுக்குடி? ஒரு நாளும் கேட்டதில்ல நான்.”

நூறு கணக்கைச் சொன்னேன். விழாமல் நூறு, விழுந்தால் ஒன்றிலிருந்து.

“எத்தனை வந்துச்சு?”

“முப்பத்தேழு.”

அம்மா கூடையிலிருந்து மூன்று பழங்களைப் பொறுக்கி மேசை மேல் என் பக்கம் உருட்டினார்.

“மிச்சத்தைப் போடு. நான் எண்ணறேன்.”

“இப்பவா? வேணாம்மா. கீழ விழுந்துடும்.”

“போடுடி.”

எடுத்தேன். வலது கையில் இரண்டு, இடது கையில் ஒன்று. வளைவின் உச்சியைப் பார்த்தேன். “முப்பத்தெட்டு” என்றார் அம்மா. “முப்பத்தொம்பது. நாப்பது.” அந்தக் குரலில் நடுக்கம் இருந்தது, ஆனால் எண் பிசகவில்லை. ஐம்பதைத் தாண்டினேன். அறுபது. அறுபத்திரண்டில் ஒரு பழம் விரல் நுனியில் இடறி, தரையில் விழுந்து, அம்மாவின் நாற்காலிக் காலடிக்கு உருண்டது. “இனி ஒண்ணுலேருந்துதான்” என்றேன்.

அம்மா வலிக்கிற முட்டியோடு மெல்லக் குனிந்தார். எடுத்துச் சேலைத் தலைப்பில் துடைத்தார். என் கையில் வைத்தார்.

“ஒண்ணுலேருந்து எதுக்கு? தாக் அபா. போடு. அறுபத்து மூணு.”